கிட்டத்தட்ட என்றால் எவ்வளவு கிட்ட?

ஒரு சமன்பாடு துல்லியமாகப் பொருந்தவில்லை, கிட்டத்தட்டப் பொருந்துகிறது. அப்படியென்றால் அதைத் துல்லியமாகவே நிறைவு செய்யும் ஒன்று பக்கத்தில் எங்காவது இருந்தாக வேண்டுமா? கணிதத்தில் ‘நிலைத்தன்மை’ என்ற பெயரில் எழுதப்படுகிற பலவும் இந்த ஒரே கேள்வியின் மறுபிறவிகள்தாம். பதில் சில இடங்களில் ‘ஆம்’, சில இடங்களில் ‘இல்லை’ என்று வருவதில் வியப்பு ஒன்றுமில்லை. உறுத்துவது வேறு. அமைதியாக, ஆடாமல் அசையாமல் இருக்கும் அமைப்புகளில் ‘இல்லை’ வருகிறது; தறிகெட்டு ஓடும் அமைப்புகளில் ‘ஆம்’ வருகிறது. போதாக்குறைக்கு, அதே இரண்டு அணிகளை (எண்களை நிரை, நிரலாக அடுக்கிய சதுரங்களை) ஓர் அளவுகோலால் அளந்தால் ‘ஆம்’, இன்னோர் அளவுகோலால் அளந்தால் ‘இல்லை’. நிலைத்தன்மை என்ற சொல் நம் மனத்தில் எழுப்பும் படமே தவறு என்ற சந்தேகம் இங்கேதான் தொடங்குகிறது.

கேள்வியை இந்த வடிவில் கேட்டவர் ஸ்டானிஸ்லா உலாம். 1940-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேசும்போது அவர் கேட்டது இது: ஒரு குலத்திலிருந்து (கூட்டல், பெருக்கல் போன்ற ஒரு செயலும் அதற்கு நேர்மாறும் உள்ள கணத்திலிருந்து) இன்னொரு குலத்துக்குப் போகும் சார்பு, செயலொப்புமைக்கான விதியை, அதாவது அந்தச் செயலைக் காக்கும் விதியை, சிறு பிழையோடுதான் பின்பற்றுகிறது, அருகில் அசல் செயலொப்புமை ஒன்று உண்டா? அடுத்த ஆண்டே டொனால்டு ஹையர்ஸ் ஒரு வகைக்கு விடை சொன்னார். இரண்டு வெக்டர்களின் கூட்டலுக்குச் சார்பு தரும் மதிப்பும், அவற்றுக்குத் தனித்தனியே தரும் மதிப்புகளின் கூட்டலும் எப்போதும் எப்சிலான் அளவுக்குள்தான் வேறுபடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வெக்டர்களும் ஒன்றேயானால், இரட்டித்த வெக்டருக்கான மதிப்பின் பாதி பழைய மதிப்பிலிருந்து எப்சிலானின் பாதிக்கு மேல் விலகாது. மறுபடி இரட்டித்து நாலால் வகுத்தால் விலகல் இன்னும் கால் எப்சிலான் கூடும். அடுத்து அரைக்கால். எல்லாம் சேர்ந்து ஒரு எப்சிலானைத் தாண்டுவதில்லை. இப்படிக் கிடைக்கும் எல்லை மதிப்பு துல்லியமாகக் கூட்டலைக் காக்கும் சார்பு. மூலச் சார்பிலிருந்து அது எங்கேயும் எப்சிலானுக்கு மேல் விலகவில்லை.

நிறுவல் அவ்வளவுதான், அரைப் பக்கம். ஆனால் அதில் வேலை செய்வது எது என்று பார்க்க வேண்டும். வெக்டரை இரட்டிக்கும்போது சார்பின் மதிப்பு கிட்டத்தட்ட இரட்டிக்கிறது, பிழையின் வரம்போ அப்படியே நிற்கிறது. இரண்டால் வகுக்கும்போது பிழை பாதியாகிறது. அதாவது பிழையை விழுங்குவது விரிவு. அமைதியோ சமநிலையோ இதில் எங்கும் இல்லை.

பூனையும் அதன் நிழலும்

விரிவு பிழையை விழுங்குகிறது என்பதை இயக்க அமைப்புகளில் (ஒரே விதியைப் படிப்படியாகத் திரும்பத் திரும்பச் செலுத்தும் அமைப்புகளில்) இன்னும் கூர்மையாகப் பார்க்கலாம். டோரஸின் (எதிரெதிர் ஓரங்களை ஒட்டிய சதுரத்தின், அதாவது வடை வடிவப் பரப்பின்) மேல் ஒரு புள்ளியின் ஆயத்தொலைவுகள் அ, ஆ என்றால், அடுத்த புள்ளி (2அ+ஆ, அ+ஆ). முழு எண் பகுதியைத் தள்ளிவிட வேண்டும். விளாதிமிர் ஆர்னால்டு ஒரு பூனையின் படத்தை வைத்து விளக்கியதால் இதற்குப் பூனை வரைபடம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அணியின் ஐகன் மதிப்புகள் (தனித் திசைகளில் அது நீட்டும் மடங்குகள்) (3+√5)/2, (3−√5)/2. அதாவது ஒரு திசையில் ஒவ்வொரு படியும் 2.618 மடங்கு நீட்சி, அதற்குச் செங்குத்தான திசையில் 0.382 மடங்கு சுருக்கம்.

தொடக்கப் புள்ளியில் இருக்கும் பிழை ஒவ்வொரு படியிலும் சுமார் 1.39 பிட் துல்லியத்தைத் தின்றுவிடும். கணினியின் இரட்டைத் துல்லிய எண்ணில் கைவசம் இருப்பது 53 பிட். 38 படிகளில் எல்லாம் தீர்ந்துவிடும். 39-ஆவது படியில் திரையில் தெரியும் எண்ணுக்கும் தொடங்கிய புள்ளியின் உண்மைப் பாதைக்கும் எந்த உறவும் இல்லை. இந்த வகை அமைப்புகளை எதிர்பாரா ஒழுங்கின்மை என்று சொல்லி மிரட்டும் எழுத்துகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. நிறுத்தக் கூடாத இடம் அது.

ஒவ்வொரு படியிலும் டெல்டா அளவுக்கு மிகாத பிழையோடு நடந்துகொண்டே போகும் ஒரு போலிப் பாதையை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் சிறு திருத்தம் செய்து அதை உண்மைப் பாதையாக மாற்ற வேண்டும். பிழையை இரண்டு திசைகளிலும் தனித்தனியாகப் பிரிக்கலாம். சுருங்கும் திசையில், இப்போதைய திருத்தம் என்பது கடந்த கால பிழைகளின் கூட்டுத்தொகை, நேற்றையது 0.382 மடங்காக, முந்தாநாளையது அதன் வர்க்கமாக வற்றிப்போய் வந்து சேரும். பெருக்குத் தொடரைக் கூட்டினால் டெல்டாவின் 1.618 மடங்கைத் தாண்டாது. விரியும் திசையில் பின்னோக்கிக் கூட்ட முடியாது, வெடித்துவிடும். அங்கே முன்னோக்கிக் கூட்ட வேண்டும்: இனி வரப்போகும் பிழைகளை 2.618-ஆல் வகுத்து வகுத்துச் சேர்த்தால் டெல்டாவின் 0.618 மடங்குக்குள் அடங்கும். அணி சமச்சீரானது என்பதால் இரண்டு திசைகளும் செங்குத்து. இரண்டு திருத்தங்களின் வர்க்கங்கள் 2.618, 0.382. கூட்டினால் சரியாக 3. எனவே எத்தனை கோடிப் படிகள் போனாலும், போலிப் பாதையிலிருந்து டெல்டாவின் √3 மடங்குக்குள் உண்மைப் பாதை ஒன்று கூடவே ஓடுகிறது. இதுதான் டிமித்ரி அனோசோவ், ரூஃபஸ் போவன் ஆகியோரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நிழல் தேற்றத்தின் மிக எளிய வடிவம். எதிர்காலப் பிழைகளை வைத்து இன்றைய புள்ளியைத் திருத்துவது முதலில் ஏமாற்று வேலைபோலத் தெரியும். ஹையர்ஸ் செய்ததும் இதையேதான்; இரட்டித்துக்கொண்டே போய்ப் பின்னால் வகுத்தார்.

எதிர்முனையில் இருப்பது எதையுமே அசைக்காத வரைபடம். வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்திலேயே இருக்கிறது. இதைவிட அமைதியான அமைப்பு கிடையாது. ஒவ்வொரு படியிலும் ஒரே பக்கமாக டெல்டா பிழை சேர்ந்தால், போதிய படிகளில் போலிப் பாதை வட்டத்தின் எதிர்ப்புறம் போய் நிற்கும். உண்மைப் பாதைகளோ ஒரே புள்ளியில் உட்கார்ந்திருப்பவை. எதனாலும் இதற்கு நிழலாக முடியாது. சீரான சுழற்சிக்கும் இதே கதி. பிழை வளராத இடத்தில் பிழை தேயவும் தேயாது.

நிழல் தேற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஆக, கணினி காட்டுவது எல்லாம் சரி’ என்று கிளம்புபவர்களுக்கு ஒரு பள்ளம் காத்திருக்கிறது. எண்ணை இரட்டித்து முழு எண் பகுதியை நீக்கும் வரைபடத்தை 0.1-இல் தொடங்கி இரட்டைத் துல்லியத்தில் ஓட்டிப் பாருங்கள். 54-ஆவது படியில் 0.5, 55-ஆவது படியில் பூச்சியம். அப்புறம் என்றென்றும் பூச்சியம்தான். இங்கே வட்டமிடல் பிழை ஒரு படியில்கூட நேரவில்லை, கணினியில் 0.1 என்று பதிவான எண் உண்மையில் 2-இன் 55-ஆம் அடுக்கைப் பகுதியாகக் கொண்ட பின்னம், அதன் உண்மைப் பாதை அதுவேதான். நிழல் உண்டு, ஆனால் யாருடைய நிழல்? ஏறக்குறைய எல்லா மெய்யெண்களின் பாதையும் இடைவெளி முழுக்கச் சீராகப் பரவும். கணினியில் எழுத முடிகிற எண்களின் பாதையோ ஒன்றுவிடாமல் பூச்சியத்தில் போய் விழும். பூனை வரைபடத்திலும் இப்படியே: விகிதமுறு புள்ளி எதுவானாலும் என்றாவது தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிடும், கணினியிடம் இருப்பது விகிதமுறு எண்கள் மட்டும்தான். அருகில் உண்மைப் பாதை இருக்கிறது என்பது ஒரு தேற்றம். அது மாதிரிப் பாதையா என்பது தனிக் கேள்வி. அதற்கு இந்தத் தேற்றத்தில் விடை தேடக் கூடாது.

இரண்டு அணிகள் கைகோக்கும்போது

பாதைகளை விட்டுவிட்டு வரைபடத்தையே கொஞ்சம் மாற்றினால்? 1967-இல் அனோசோவ் காட்டியது: பூனை வரைபடத்தை முதல் வகைக்கெழு வரை சிறிதாகக் கலைத்தால், கலைத்ததும் பழையதும் ஒரு தொடர்ச்சியான இருவழி மாற்றத்தால் ஒன்றோடொன்று பொருந்தும். டோரஸை ரப்பர்போல இழுத்துச் சரிசெய்தால் பழைய இயக்கமே திரும்பக் கிடைக்கிறது. ஆனால் அந்த இழுப்பு வழவழப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நிலையான புள்ளியில் நீட்சி 2.618-இலிருந்து 2.62 ஆகியிருந்தாலே போதும், இருபுறமும் வகையிடத்தக்க எந்த மாற்றத்தாலும் இரண்டையும் பொருத்த முடியாது. அப்படிப் பொருந்தினால் நீட்சியும் சமமாக வேண்டும்.

ஒரே வரைபடத்தின் இடத்தில் ஒரு குலம் முழுவதும் செயல்பட்டால் இந்தக் குறையும் மறைகிறது. இதைத் தொட்டுப் பார்க்க ஓர் அணி போதும். அ³ = 3அ − 1 என்ற முப்படிச் சமன்பாட்டின் மூலங்கள் 1.532, 0.347, −1.879, அதாவது 40, 80, 160 பாகைகளின் கொசைன் மதிப்புகளைப் போல் இரு மடங்கு. இந்தச் சமன்பாட்டை நிறைவு செய்யும் 3×3 முழு எண் அணியை எழுதுங்கள். அதன் அணிக்கோவை −1. அதிலிருந்து அலகு அணியைக் கழித்தால் ஐகன் மதிப்புகள் 0.532, −0.653, −2.879, பெருக்கினால் சரியாக 1. ஆக இரண்டு அணிகளும் மூன்று பரிமாண டோரஸைத் தனக்குள் புரட்டுகின்றன, இரண்டும் விரிவும் சுருக்கமும் கொண்டவை, எந்த வரிசையில் செய்தாலும் விளைவு ஒன்றே, ஒன்று மற்றொன்றின் அடுக்குகளில் அடங்குவதும் இல்லை. இரண்டு சுயேச்சையான பிறப்பாக்கிகள் (குலம் முழுவதையும் உருவாக்கும் உறுப்புகள்) கொண்ட பரிமாற்றுக் குலத்தின், அதாவது வரிசை பொருட்டில்லாத குலத்தின், செயல் இது. அனடோலி காட்டோக்கும் ரால்ஃப் ஸ்பாட்சியரும் 1990-களில் நிறுவியதன்படி, இந்த ஜோடியை வழவழப்பாகச் சிறிதே கலைத்து, கலைத்த ஜோடியும் ஒன்றோடொன்று பரிமாறும்படி வைத்திருந்தால், பழையதோடு பொருத்தும் மாற்றமும் வழவழப்பாகவே இருக்கும். தனியாக ஒன்றைக் கலைக்கும்போது ஒரு புள்ளியில் நீட்சியை மாற்றிவிட முடிந்தது. இன்னொன்று கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது.

மேலே ஒரு நிபந்தனையை நைசாக நுழைத்தேன்: கலைத்த ஜோடியும் துல்லியமாகப் பரிமாற வேண்டும். ஏன் துல்லியமாக? கிட்டத்தட்டப் பரிமாறினால் போதாதா? அருகே துல்லியமாகப் பரிமாறும் ஜோடி இருக்குமல்லவா, அதை எடுத்துக்கொண்டால் ஆயிற்று என்று தோன்றும். டோரஸ், இயக்கம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் அணிகளில் கேட்டாலே இந்தத் தோற்றம் உடைகிறது.

கடிகாரமும் நகர்த்தியும்

10,000 நிரை, 10,000 நிரல் கொண்ட இரண்டு யூனிட்டரி அணிகள், அதாவது வெக்டர்களின் நீளத்தை மாற்றாத கலப்பெண் அணிகள். ஒன்றைக் கடிகாரம் என்போம்: மூலைவிட்டத்தில் அலகு வட்டத்தைச் சம பாகமாகப் பிரிக்கும் 10,000 புள்ளிகள் வரிசையாக, மற்ற இடங்களில் பூச்சியம். மற்றது நகர்த்தி: முதல் அடிப்படை வெக்டரை இரண்டாவதாக, இரண்டாவதை மூன்றாவதாக என்று தள்ளிக்கொண்டே போய்க் கடைசியை முதலாவதாக்கும். இரண்டையும் ஒரு வரிசையில் பெருக்குவதற்கும் மறு வரிசையில் பெருக்குவதற்கும் வித்தியாசம் ஒரே ஒரு எண் காரணி, ஒன்றின் 10,000-ஆம் மூலம். இரண்டு பெருக்கங்களின் கழித்தலை, ஓரலகு வெக்டரை அதிகபட்சம் எவ்வளவு நீட்டும் என்ற அளவால் அளந்தால் 2 சைன்(பை/10,000), அதாவது சுமார் 0.00063. கிட்டத்தட்டப் பரிமாறுகின்றன என்று தாராளமாகச் சொல்லலாம். அணியைப் பெரிதாக்கினால் இந்த எண் விரும்பிய அளவு சிறியதாகும்.

ஆனால் துல்லியமாகப் பரிமாறும் யூனிட்டரி ஜோடி எதுவும் இவற்றின் பக்கத்தில் இல்லை. அணி எவ்வளவு பெரிதானாலும் இல்லை. 1983-இல் டான் வோய்குலெஸ்கு இதைக் காட்டினார்; 1989-இல் ரூய் எக்ஸலும் டெர்ரி லோரிங்கும் கொடுத்த நிறுவலைப் பாடப்புத்தக அளவில் முழுதாகச் சொல்லிவிடலாம். இந்தத் துறையில் எனக்கு ஏதாவது ஒரு நிறுவலை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதி என்றால் இதைத்தான் எடுப்பேன்.

ஒரு வரிசையில் பெருக்கிய அணியிலிருந்து மறு வரிசையில் பெருக்கிய அணிக்கு நேர்கோட்டில் நடந்து போங்கள். வழியில் உள்ள ஒவ்வோர் அணிக்கும் அணிக்கோவையைக் கணக்கிட்டு, அதைக் கலப்பெண் தளத்தில் புள்ளியாகக் குறியுங்கள். இரு முனைகளிலும் அணிக்கோவை சமம், ஏனெனில் பெருக்கும் வரிசை அணிக்கோவைக்குத் தெரியாது. ஆகவே கிடைப்பது மூடிய வளைவு. இரண்டு பெருக்கங்களின் வித்தியாசம் 2-க்குக் குறைவாக இருக்கும்வரை இந்த வளைவு பூச்சியத்தைத் தொடாது. தொடாத மூடிய வளைவு பூச்சியத்தை எத்தனை முறை சுற்றுகிறது என்பது ஒரு முழு எண். கடிகாரம், நகர்த்தி ஜோடிக்கு இது என்ன? நடையின் ஒவ்வோர் இடத்திலும் கிடைப்பது, 1-இலிருந்து அந்த 10,000-ஆம் மூலம் வரை செல்லும் நாணின் மேல் ஒரு புள்ளியின் 10,000-ஆம் அடுக்கு, மாறாத ஒரு காரணியால் பெருக்கப்பட்டது. நாண் தாண்டும் கோணம் முழு வட்டத்தில் 10,000-இல் ஒரு பங்கு. அடுக்கேற்றினால் ஒரு முழுச் சுற்று. சுற்று எண் 1.

துல்லியமாகப் பரிமாறும் ஜோடிக்கு இரண்டு பெருக்கங்களும் ஒன்றே. நடக்கவே இடமில்லை, வளைவு ஒரு புள்ளியாக நிற்கிறது, சுற்று எண் 0. இப்போது, நம் ஜோடியிலிருந்து ஒவ்வொன்றும் டெல்டா தூரத்துக்குள் பரிமாறும் ஜோடி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஜோடியிலிருந்து நம் ஜோடிக்கு, டெல்டா தூரத்தைத் தாண்டாமல் யூனிட்டரி அணிகளின் ஊடாகவே தொடர்ச்சியாக வர முடியும். வழி நெடுக இரண்டு பெருக்கங்களின் வித்தியாசம் 4 டெல்டாவுக்குள் இருக்கும். டெல்டா அரைக்குக் குறைவென்றால் அந்த வித்தியாசம் 2-க்குக் குறைவு. சுற்று எண் வழி முழுக்கப் பொருளுள்ளது, தொடர்ச்சியாக மாறுவது, முழு எண். தொடர்ச்சியாக மாறும் முழு எண் மாறவே மாறாது. 0 ஒருபோதும் 1 ஆகாது. ஆகவே இரண்டில் ஒன்றையாவது குறைந்தது 0.5 தூரம் நகர்த்தியே ஆக வேண்டும். பிழை 0.00063, அதைச் சரிசெய்யும் செலவு குறைந்தது 0.5.

பிழை சிறியதா பெரியதா என்பதே கேள்வியாக இல்லாத இடம் இது. உள்ளே ஒரு முழு எண் ஒளிந்திருக்கிறது. முழு எண்ணைக் கொஞ்சமாக மாற்ற முடியாது. இதைப் பார்த்தபின் ‘பிழை போதிய அளவு சிறியதானால்’ என்ற வழக்கமான தொடரைப் படிக்கும்போதெல்லாம், எதற்குப் போதிய அளவு என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு: 50 நிரைகள் போதும், வித்தியாசம் 0.1256 வரும். முதல் அணி, இரண்டாவது, முதலாவதன் நேர்மாறு, இரண்டாவதன் நேர்மாறு என நான்கையும் அந்த வரிசையில் பெருக்கி, கிடைக்கும் அணியின் ஐகன் மதிப்புகளின் கோணங்களைக் கூட்டி, 2 பையால் வகுத்தால் சுற்று எண். கோணங்களை −பை முதல் பை வரை எடுக்க வேண்டும். பெருக்கும் வரிசையைத் திருப்பினால் குறி மாறும், பிழையில்லை. ஏதாவது ஓர் ஐகன் மதிப்பு −1-ஐ நெருங்கிவிட்டால் மட்டும் விடையை நம்பாதீர்கள். வட்டமிடல் பிழையால் கோணம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவி, எண் ஒன்று கூடியோ குறைந்தோ வரும். யூனிட்டரிக்குப் பதிலாக இரண்டு ஹெர்மிட்டியன் அணிகளை (தம் இணைக்கலப்பு இடமாற்று அணிக்குச் சமமானவற்றை) எடுத்தால் இந்தத் தொல்லையே கிடையாது: அணியின் அளவு எதுவானாலும் ஏறக்குறையப் பரிமாறுபவற்றின் அருகே துல்லியமாகப் பரிமாறுபவை உண்டு என்று ஹுவாஷின் லின் 1990-களின் நடுவில் நிறுவினார். மூன்று ஹெர்மிட்டியன் அணிகள் என்றால் மறுபடி ‘இல்லை’.

இனி அளவுகோலை மாற்றுவோம். வெக்டரை அதிகபட்சம் எவ்வளவு நீட்டும் என்று பார்க்காமல், எல்லா நிரல்களின் பிழைகளையும் வர்க்கம் எடுத்துச் சராசரி கண்டு மூலம் எடுப்போம். அதே 10,000 அளவுள்ள ஜோடி. அடிப்படை வெக்டர்களை நூறு நூறாக 100 கட்டுகளாகப் பிரியுங்கள். கடிகாரத்தில் ஒவ்வொரு கட்டுக்குள்ளும் இருக்கும் 100 மதிப்புகளை அழித்து, நடுவில் உள்ள ஒரே மதிப்பை எழுதுங்கள். எந்த இடத்திலும் மாற்றம் சுமார் 0.031-ஐத் தாண்டாது. நகர்த்தியில் ஒவ்வொரு கட்டின் கடைசி வெக்டரையும் அடுத்த கட்டுக்கு அனுப்பாமல், அதே கட்டின் முதல் வெக்டருக்குத் திருப்பிவிடுங்கள். இப்போது கட்டுக்குள் கடிகாரம் மாறிலி, நகர்த்தி கட்டை விட்டு வெளியே போவதில்லை. இரண்டும் துல்லியமாகப் பரிமாறுகின்றன. நகர்த்தியில் மாறியது 10,000 நிரல்களில் 100, ஒவ்வொன்றின் மாற்றமும் √2. சராசரி அளவுகோலில் பிழை 0.02-இன் வர்க்க மூலம், சுமார் 0.14, அணி பெரிதாகப் பெரிதாக இது பூச்சியத்தை நோக்கிப் போகும். பழைய அளவுகோலில் இதே மாற்றத்தின் பிழை எவ்வளவு தெரியுமா? சரியாக 2. இரண்டு யூனிட்டரி அணிகளுக்கு இடையே அதைவிடத் தூரம் இருக்கவே முடியாது. சுற்று எண்ணைக் காக்கும் வேலையை அந்த 100 இடங்களும் செய்துகொண்டிருந்தன. சராசரி அளவுகோல் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை.

ஒரு புள்ளி குறைந்தால்

அணிகளின் இடத்தில் முடிவுறு கணத்தின் வரிசைமாற்றங்களை வைத்தால் சராசரி அளவுகோல் இன்னும் எளிதாகும்: எத்தனை சதவீதப் புள்ளிகளில் இரண்டும் வேறுபடுகின்றன என்று எண்ணினால் போதும். இந்த அளவுகோலில், ஏறக்குறையப் பரிமாறும் வரிசைமாற்றங்களின் அருகே துல்லியமாகப் பரிமாறுபவை உண்டு என்று குல்னாரா அர்ஷான்த்சேவாவும் லிவியு பாவ்னெஸ்குவும் 2015-இல் நிறுவினர். பரிமாற்று விதிக்குப் பதில் வேறு விதிகளை எடுத்தால் நிலைமை விதியைப் பொறுத்தது. ஒருபுறம் ஆ-வாலும் மறுபுறம் அதன் நேர்மாறாலும் சூழப்பட்ட அ, தன் வர்க்கமாக மாறுகிறது என்ற விதி நிலையானது. ஓரன் பெக்கர், அலெக்ஸ் லுபோட்ஸ்கி, ஆண்ட்ரியாஸ் தோம் ஆகியோரின் முடிவு இது. அ-வின் வர்க்கம் அதன் முப்படியாக மாறுகிறது என்று எழுதினாலோ நிலையாமை. எழுத்தில் அடுக்குகள் ஒவ்வொன்று கூடியதுதான் வித்தியாசம். இரண்டும் தருபவை பௌம்ஸ்லாக்–சோலிட்டர் குலங்கள். இரண்டாவதில் எந்த முடிவுறு குலத்தாலும் பார்க்க முடியாத உறுப்புகள் (எந்த முடிவுறு குலத்துக்குக் கொண்டுபோனாலும் மறைந்துவிடுபவை) இருக்கின்றன. அவ்வுறுப்புகளைக் கிட்டத்தட்டச் செயல்கள் அசைத்துக் காட்டும், அருகில் அசல் முடிவுறு செயல் இருந்தால் அதுவும் அசைத்துக் காட்ட வேண்டியிருக்கும், அது முடியாது.

இந்தப் பேச்சில் இரண்டாவது முறை முழு எண் வந்து மறிக்கும் இடம் கஜ்தான் பண்பு. டேவிட் கஜ்தான் 1967-இல் வரையறுத்த இந்தப் பண்பு, குலம் வெக்டர்களை நீளம் மாறாமல் நகர்த்தும்போது ஏறக்குறைய அசையாத வெக்டர் இருந்தால் அசையவே அசையாத வெக்டரும் இருக்க வேண்டும் என்று சொல்வது. அதாவது இந்தப் பண்பே ஒரு நிலைத்தன்மை விதி. அணிக்கோவை 1 ஆன 3×3 முழு எண் அணிகளின் குலத்துக்கு இது உண்டு. கோளம், டோரஸ் போன்ற மூடிய வழவழப்பான வெளிகளில் (சுருக்கமான பன்மடிகளில்) தூரம் மாறாமல் செயல்படும்போது இத்தகைய குலங்களின் செயலைச் சிறிது கலைத்தாலும் அது பழையதோடு பொருந்திவிடும் என்று டேவிட் ஃபிஷரும் கிரிகோரி மார்குலிஸும் 2005-இல் காட்டினர். ஆகவே முடிவுறு கணங்களிலும் இந்தக் குலம் நிலைத்தன்மைக்கு முன்மாதிரியாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இந்தக் குலத்தை 101 என்ற பகா எண்ணைக் கொண்டு குறைத்தால், 101² + 101 + 1, அதாவது 10,303 புள்ளிகள் கொண்ட வீழ்ப்புத் தளத்தின் மேல் அது செயல்படும். எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் போகலாம். ஒரு புள்ளியைப் பிடுங்கிவிடுங்கள். ஒவ்வொரு பிறப்பாக்கியிலும், பிடுங்கிய புள்ளிக்குப் போய்க்கொண்டிருந்ததை அந்தப் புள்ளி போய்க்கொண்டிருந்த இடத்துக்கே நேராக அனுப்பிவிடுங்கள். 10,302 புள்ளிகளில் ஒன்றில்தான் மாற்றம். குலத்தின் விதிகள் விரல்விட்டு எண்ணும் புள்ளிகளில் மட்டும் தவறும். முழு எண்களின் கூட்டல் குலமாக இருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை: வளையத்திலிருந்து ஒரு மணியை எடுத்து முடிச்சுப் போட்டால் மிஞ்சுவதும் வளையமே. இங்கே அப்படி முடிச்சுப் போட முடியாது. பகா எண்ணைப் பெரிதாக்கிக்கொண்டே போக, ஒவ்வொரு முறையும் அருகில் அசல் செயல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பழைய புள்ளிகளையும் புதியவற்றையும் ஜோடி சேர்க்கும் பட்டியல், இரு செயல்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய அசையாத கணம். கஜ்தான் பண்பு உடனே அதன் பக்கத்தில் சற்றும் அசையாத கணம் ஒன்றைக் கொடுத்துவிடும். அந்தக் கணமோ பழைய புள்ளிகள் எல்லாவற்றையும் புதியவற்றுக்குள் ஒன்றுக்கொன்றாகப் பொருத்தும். 10,303-ஐ 10,302-க்குள் எப்படி அடைப்பது? பெக்கரும் லுபோட்ஸ்கியும் கண்டுகொண்டது இதைத்தான். பன்மடியில் காவல் காத்த பண்பே இங்கே கழுத்தைப் பிடிக்கிறது.

அவர்கள் உடனே ஒரு தளர்வையும் முன்வைத்தார்கள். அசல் செயல் அதே அளவு கணத்தில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், சொற்பச் சதவீதப் புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ள அனுமதித்தால்? பிடுங்கிய புள்ளியைத் திருப்பிக் கொடுத்தால் மேலே சொன்ன தடை மறைந்துவிடுகிறது. இந்தத் தளர்ந்த பொருளில் பரப்புக் குலங்கள் (ஒரு பரப்பின் மேல் வரையும் மூடிய வளைவுகளிலிருந்து வரும் குலங்கள்) நிலையானவை என்று நிர் லாசரோவிச், அரி லெவிட், யாயிர் மின்ஸ்கி நிறுவியிருக்கிறார்கள். முழு எண் அணிக் குலங்களின் கதை அங்கிருந்து வேறு திசையில் போகிறது. முடிவுறு கணங்களின் மேல் கிட்டத்தட்டச் செயல்பட முடிகிற குலங்களை க்ரோமோவ் 1999-இல் அறிமுகப்படுத்தினார். பெஞ்சமின் வெய்ஸ் அவற்றுக்கு சோஃபிக் என்று பெயர் வைத்தார். எல்லாக் குலமும் சோஃபிக்தானா என்பது இந்தத் துறையின் பெரிய கேள்வி. அணிக்கோவை 1 ஆன, 5×5 அல்லது அதைவிடப் பெரிய முழு எண் அணிகளின் குலத்தில் ஓர் அணியையும் அதன் எதிர்க்குறி அணியையும் ஒன்றாகவே கொண்டு, அப்படிப்பட்ட ஏதாவது ஒரு குலம் தளர்ந்த பொருளில் நிலையானது என்று நிறுவினால், சோஃபிக் அல்லாத குலம் ஒன்று உண்டென்பது அன்றே முடிவாகிவிடும். லூயிஸ் போவனும் (நிழல் தேற்றத்துப் போவன் வேறு ஆள்) பீட்டர் பர்ட்டனும் 2020-இல் வெளியிட்ட முடிவு இது. புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற சலுகை அந்தக் குலங்களுக்குப் போதுமா போதாதா என்பதில் வந்து நிற்கிறது விவகாரம்.